சீனாய் மலையும் புனித கத்தரீன் மடாலயமும்: முழுமையான பயண வழிகாட்டி

எகிப்தின் தெற்கு சீனாய்ப் பகுதிக்குப் பயணம் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் மலையுச்சியில் சூரியோதயம் பார்ப்பதை மனத்தில் வைத்தே நாட்களைக் கணக்கிடுகிறார்கள். சூரியன் நாள் தவறாமல் உதிக்கும். ஆனால் மலையடிவாரத்தில் இருக்கும் புனித கத்தரீன் மடாலயத்தின் கதவு வாரத்தில் சில நாட்கள், அதுவும் காலையில் ஏறத்தாழ ஒன்பது மணி முதல் பதினொன்றரை மணி வரைதான் வெளியாருக்குத் திறந்திருக்கும். வெள்ளி, ஞாயிறு ஆகிய நாட்களிலும் கிரேக்க மரபுவழித் திருச்சபையின் பெருவிழா நாட்களிலும் பொதுவாக அனுமதி கிடையாது. ஆகவே திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கதவு திறக்கும் நாளையும் நேரத்தையும்தான். மலையேற்றம், தங்குமிடம், வண்டி ஆகிய அனைத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்வது நல்லது.

கிறிஸ்தவர்கள் சீனாய் மலை என்றும், அரபியர் ஜெபல் மூசா, அதாவது மூசா நபியின் மலை என்றும் அழைக்கும் இந்தச் சிகரத்தின் உயரம் 2,285 மீட்டர். மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற மலை இதுவே என்பது குறைந்தது பதினாறு நூற்றாண்டுகளாக நிலவிவரும் நம்பிக்கை. ஆய்வாளர்களில் சிலர் இதற்குச் சற்று மேற்கே உள்ள ஜெபல் செர்பால் உள்ளிட்ட வேறு மலைகளையும் சுட்டுவது உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்று மரபுகளும் மதிக்கும் இடம் என்ற அளவில் இந்த மலையின் மதிப்புக் குறைவதில்லை.

நாட்களை வகுத்துக்கொள்ளுதல்

ஷரம் எல் ஷேக், தஹப் ஆகிய கடற்கரை ஊர்களிலிருந்து இரவுச் சுற்றுலாக்கள் பல புறப்படுகின்றன. முன்னிரவில் வண்டி ஏறி, நள்ளிரவு தாண்டி அடிவாரத்தை அடைந்து, தூங்காமலே மலையேறி, விடிந்ததும் இறங்கி, ஒன்பது மணிக்கு மடாலயத்துக்குள் நுழைந்து, நண்பகலில் மறுபடியும் வண்டியில் ஏறுவதுதான் அவற்றின் வழக்கமான ஏற்பாடு. பணமும் நேரமும் மிச்சமாகும் என்றாலும், ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழமை வாய்ந்த தேவாலயத்தைத் தூக்கம் சொக்கும் கண்களோடு பார்ப்பதில் என்ன பயன் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டிலிருந்து கெய்ரோ வழியாக எருசலேம் செல்லும் புனித நாட்டுப் பயணக் குழுக்களும் பெரும்பாலும் இங்கே ஓரிரவுதான் தங்குகின்றன. அத்தகைய குழுவில் பணம் கட்டுவதற்கு முன், மடாலயத்துக்குப் போகும் நாள் என்ன கிழமையில் வருகிறது என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வெள்ளி அல்லது ஞாயிறு என்று பதில் வந்தால், மதிலை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

சொந்தமாகத் திட்டமிடுபவர்கள் இரண்டு இரவுகள் ஒதுக்குவது உத்தமம். முதல் நாள் நண்பகலுக்குள் ஊரை அடைந்து, மாலையில் மலையேறி, சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு இறங்கித் தூங்கலாம். மறுநாள் காலை தெளிந்த மனத்தோடு மடாலயத்துக்குப் போகலாம். அஸ்தமன வேளையில் உச்சியில் கூட்டம் குறைவு என்பது இதில் கிடைக்கும் கூடுதல் வசதி. சூரியோதயம்தான் வேண்டும் என்பவர்கள் மடாலயத்தை முந்தைய நாள் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, அன்றிரவு சீக்கிரம் படுத்து, பின்னிரவில் ஏறத் தொடங்கலாம்.

மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். வசந்தத்தில் கம்சீன் எனப்படும் மணற்காற்று சில நாட்கள் வீசக்கூடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உச்சியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவதும் பனி விழுவதும் உண்டு. பாலைவனம் என்றதும் வெயிலை மட்டும் எண்ணிப் பருத்திச் சட்டையோடு போகிறவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. கோடையிலுங்கூட விடியற்காலையில் உச்சியில் குளிர்காற்று அடிக்கும்.

விசா, சாலை, சோதனைச் சாவடிகள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எகிப்துத் தூதரகத்தில் விதிமுறைகளை விசாரித்து, புறப்படுவதற்கு முன்னரே விசா பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது. ஐரோப்பிய நாடுகளின் குடியுரிமை பெற்ற புலம்பெயர்ந்த தமிழர்கள் ஷரம் எல் ஷேக் விமான நிலையத்தில் இறங்கினால், தெற்கு சீனாய்க்கு மட்டும் செல்லுபடியாகும் பதினைந்து நாள் இலவச நுழைவு முத்திரையைக் கேட்டுப் பெறலாம். புனித கத்தரீன் ஊருக்கு அது போதும். ஆனால் அதை வைத்துக்கொண்டு கெய்ரோவுக்குப் போக முடியாது.

தஹபிலிருந்து சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை அடையலாம்; ஷரம் எல் ஷேக்கிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். கெய்ரோவிலிருந்து வருவோர் சூயஸ் கால்வாயின் அடியில் செல்லும் அகமது ஹம்தி சுரங்கப்பாதையைக் கடந்து, பேரீச்சந்தோப்புகள் நிறைந்த வாடி ஃபெய்ரான் பள்ளத்தாக்கின் வழியாக வர வேண்டும். அதற்கு முழுப் பகல் ஒன்று ஒதுக்குவது நல்லது. வழியெங்கும் இராணுவ, காவல்துறைச் சாவடிகள் இருப்பதால் கடவுச்சீட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். சாவடிகளையும் சீருடையினரையும் படம் எடுக்கக் கூடாது. டிரோன் கருவியை எகிப்துக்குள் கொண்டு செல்லவே வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் கொண்டு சென்றால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள்.

வடக்கு சீனாய் பல ஆண்டுகள் வன்முறைக்கு உள்ளான பகுதி. தெற்கின் நிலை அதிலிருந்து வேறுபட்டது. இருந்தாலும் எல்லைகளை ஒட்டிய பகுதி என்பதால், உங்கள் நாட்டு அரசு வெளியிடும் பயண அறிவுரையைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை படித்துப் பார்ப்பது அவசியம். காப்பீட்டு நிறுவனங்கள் அந்த அறிவுரையைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கக்கூடும் என்பதால், பாலிசி சீனாயிலும் செல்லுபடியாகுமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஊர் மடாலயத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அமைந்திருக்கிறது. அங்கே பெதுயின் எனப்படும் பாலைவனப் பழங்குடிக் குடும்பங்கள் நடத்தும் எளிய முகாம்களும் சில விடுதிகளும் உள்ளன. மடாலயத்துக்கும் மதிலை ஒட்டி ஒரு விருந்தினர் விடுதி உண்டு. விழாக்காலங்களில் அதில் இடம் கிடைப்பது அரிது. ஊரில் அரசு பெரிய அளவில் சுற்றுலாக் கட்டுமானங்களை மேற்கொண்டு வருவதால், பழைய வரைபடங்களை மட்டும் நம்பாமல் தங்குமிடத்தாரிடம் வழி கேட்டுக்கொள்வது மேல்.

கையில் இருக்க வேண்டியவை

கணுக்காலைப் பிடித்து நிற்கும் காலணி, நெற்றியில் கட்டும் டார்ச் விளக்கு, அதற்கு மாற்று மின்கலம், காற்றுப் புகாத மேலங்கி, கம்பளித் தொப்பி, கையுறை, ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், பேரீச்சம்பழமோ கடலையோ கொஞ்சம். தேநீர்க் கடைகளிலும் ஒட்டகத்துக்கும் வங்கி அட்டை செல்லாது என்பதால் எகிப்தியப் பவுண்டைச் சிறு தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஊன்றுகோல் மிகவும் உதவும்.

மலையேற்றம்

உள்ளூர் பெதுயின் வழிகாட்டி ஒருவர் இல்லாமல் மலையேற அனுமதி இல்லை. இந்தப் பகுதியில் வாழும் ஜெபலியா குலத்தார், ஆறாம் நூற்றாண்டில் மடாலயத்தைக் காக்கவும் அங்கு ஊழியம் செய்யவும் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் அனுப்பியவர்களின் வழிவந்தவர்கள் என்பது மரபு. இன்று அவர்கள் முஸ்லிம்கள்; ஆயினும் மடாலயத்தோடு அவர்களுக்கு உள்ள உறவு அறுபடவில்லை. வழிகாட்டியின் கட்டணத்தை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்து, எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்கப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குழு முழுவதும் ஒரே வழியில் ஏறி அதே வழியில் இறங்க வேண்டியதாகிவிடும்.

உச்சிக்கு முக்கியமான வழிகள் இரண்டு. மடாலயத்தின் பின்புறத்திலிருந்து செங்குத்தாக ஏறும் பழைய பாதை, மனந்திரும்புதலின் படிகள் என்று அழைக்கப்படுகிறது; துறவிகள் தவமாகக் கற்களை அடுக்கி உருவாக்கியதாகச் சொல்லப்படும் இதில் 3,750 படிகள் உள்ளன என்பது மரபான கணக்கு. கோயில் மலைகளில் நாம் பழகிய சமமான கற்படிகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஒரு படி விரற்கடை உயரத்தில் இருக்கும். அடுத்தது முழங்காலை எட்டும். பல நூற்றாண்டுக் காலடிகளால் சில கற்கள் வழவழத்துப்போயிருக்கும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மலையில் ஏறிய எகேரியா என்ற பெண் யாத்திரிகர், சுற்றிச் சுற்றி மெதுவாக ஏற வழியில்லை, சுவரில் ஏறுவதுபோல நேராகத்தான் ஏற வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். இன்று அந்தப் படிகளில் கால் வைத்தாலும் அதில் மிகை இல்லை என்பது தெரியும். மற்றொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா காலத்தில் அமைந்த ஒட்டகப் பாதை. வளைந்து வளைந்து செல்லும் இந்த அகன்ற பாதை எலியாவின் பள்ளம் எனப்படும் சமவெளியை ஒட்டிப் படிவழியோடு சேர்கிறது. அங்கிருந்து மீதமுள்ள சுமார் 750 படிகளை எவராயினும் நடந்தே ஏற வேண்டும்.

பகலொளியில் படிவழியாக ஏறி, இருட்டும்போது ஒட்டகப் பாதையில் இறங்குவதே அஸ்தமனம் பார்ப்பவர்களுக்கு ஏற்ற வரிசை. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்குவதால் பிற்பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டுவிட வேண்டும். கோடையில் நான்கு மணி வரை பொறுக்கலாம். சூரியோதயத்துக்குப் போகிறவர்கள் இதைத் தலைகீழாக மாற்றி, ஒட்டகப் பாதையில் ஏறி, வெளிச்சம் வந்தபின் படிகளில் இறங்கலாம். எப்படியானாலும் படிவழியை இருட்டில் தொடாதீர்கள்.

ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருப்பதால், சாதாரண நடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இரண்டரை மணி முதல் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். சிகரத்தின் உயரம் ஏறக்குறைய ஊட்டியின் உயரந்தான்; ஆகவே காற்றழுத்தக் குறைவால் தொல்லை வருவது அரிது. மூச்சு வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகமாக நடப்பதுதான். முதல் அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். வழியில் பெதுயின் மக்கள் கல்லும் பலகையும் கொண்டு கட்டிய தேநீர்க் குடில்கள் இருக்கின்றன. இனிப்புத் தூக்கலான தேநீர் அங்கே கிடைக்கும். அதிகநேரம் உட்கார்ந்தால் வியர்வை குளிர்ந்து உடல் நடுங்கும். ஒரு கோப்பை முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.

ஒட்டகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் ஏறும்போது, ஒட்டகம் வேண்டுமா என்று கேட்டபடி ஓட்டிகள் வெகுதூரம் கூடவே வருவார்கள். வேண்டாம் என்றால் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தால் போதும். அதன் பாதம் அகன்று மெத்தென்று இருப்பதால், பின்னால் வரும் ஒட்டகத்தின் காலடி ஓசை காதில் விழாது. தோளருகே மூச்சுக் காற்று படும்போதுதான் பலருக்குத் தெரியவரும். அப்போது பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரை ஒட்டி நின்று வழிவிடுங்கள். முதியவர்களுக்கு ஏற்றத்தில் ஒட்டகம் பெரும் உதவியே. இறக்கத்தில் அதன் மேல் உட்கார்ந்திருப்பது நடப்பதைவிடக் கடினமாக இருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைசிப் படிகளை ஒட்டகம் ஏறாது என்பதையும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

எலியாவின் பள்ளத்தில் சைப்ரஸ் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. சிவந்த கிரானைட் பாறைகளுக்கு நடுவே திடீரென அத்தனை பசுமையைக் காண்பது வியப்பாக இருக்கும். யேசபேல் அரசிக்கு அஞ்சி ஓடிவந்த எலியா தீர்க்கதரிசி, சீனாயின் மறுபெயரான ஓரேபில் கடவுளின் குரலைக் கேட்டது இங்கேதான் என்பது மரபு.

உச்சியில் இருக்கும் பரிசுத்த திரித்துவச் சிற்றாலயம், ஜஸ்டினியன் காலத்து ஆலயம் நின்ற இடத்தில், அதன் கற்களையும் பயன்படுத்தி 1934இல் கட்டப்பட்டது. பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அதன் அருகே ஒரு சிறிய பள்ளிவாசலும் உண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழே கம்பளியும் மெத்தையும் வாடகைக்குக் கிடைக்கும். சூரியோதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏறிவிட்டால் கடுங்குளிரில் காத்திருக்க நேரும். அந்த நேரத்தைக் கடைசித் தேநீர்க் குடிலில் கழித்துவிட்டு மேலே போவது புத்திசாலித்தனம். பல நாட்டு யாத்திரிகர்கள் அங்கே தத்தம் மொழியில் செபிப்பார்கள், பாடுவார்கள். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதும், செபிப்பவர் முகத்துக்கு நேரே விளக்கை அடிப்பதும் கூடாது என்று சொல்ல வேண்டியிருப்பதே வருத்தந்தான்.

படிவழியில் இறங்குபவர்கள் இரண்டு கல்வளைவுகளைக் கடப்பார்கள். அவற்றில் ஒன்று புனித ஸ்தேவான் என்ற துறவியின் பெயரைத் தாங்கியது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர், மேலே செல்லும் யாத்திரிகர்களின் பாவ அறிக்கையை இவ்விடத்தில் கேட்டாராம். அந்த வளைவுக்குள் தெரியும் காட்சிக்காக ஐந்து நிமிடம் நிற்பது தகும். மற்றபடி இறக்கத்தில் கண்களைக் கால்கள்மேல் வைத்திருங்கள். விபத்துகள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் நேர்கின்றன.

மடாலயத்துக்குள்

தோளும் முழங்காலும் மறையும் உடை ஆண், பெண் இருபாலருக்கும் கட்டாயம். தேவாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. சரியாக ஒன்பது மணிக்குச் சுற்றுலாக் கூட்டம் நெருக்கியடித்து உள்ளே புகும். அந்த முதல் அலை அடங்கிய பிறகு, பத்து மணி வாக்கில் நுழைந்தால் நின்று பார்க்க இடம் இருக்கும்.

கிரானைட் மதிலோடு கூடிய இந்த மடாலயத்தை ஜஸ்டினியன் கட்டுவித்தார். தேவாலயக் கூரையின் மர உத்தரங்களில் செதுக்கியுள்ள வாசகங்கள் ஜஸ்டினியனை உயிரோடிருப்பவராகவும் அரசி தியோடோராவைக் காலமானவராகவும் குறிப்பிடுகின்றன. அரசி இறந்தது 548இல், பேரரசர் இறந்தது 565இல் என்பதால், கட்டடம் இவ்விரு ஆண்டுகளுக்கு இடையில் எழுந்தது என்று வரலாற்றாளர்கள் காலம் கணித்திருக்கிறார்கள். அன்று முதல் இங்கே துறவு வாழ்க்கை தொடர்ந்து நடந்துவருகிறது. 2002ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நுழைவாயிலுக்கு அருகே அண்ணாந்து பார்த்தால், மதிலின் உயரத்தில் சிறு மரக்கூடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொள்ளையருக்கு அஞ்சி வாயிலை அடைத்து வைத்திருந்த நூற்றாண்டுகளில் ஆட்களையும் பொருள்களையும் கயிறு கட்டி உள்ளே இழுத்த இடம் அது.

வளாகத்துக்குள் மோசே தம் வருங்கால மனைவி சிப்போராளைச் சந்தித்ததாக நம்பப்படும் கிணறும், எரிந்தும் வெந்துபோகாத முட்செடி என்று போற்றப்படும் புதரும் இருக்கின்றன. மதிலுக்கு மேல் படர்ந்து தொங்கும் அந்த முட்செடியின் கிளையை ஒடிக்கப் பலர் கை நீட்டுகிறார்கள்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மணிக்கூண்டை அடுத்து நிற்கும் பாத்திமிய அரச மரபு எகிப்தை ஆண்ட காலத்துப் பள்ளிவாசலையும் கவனியுங்கள். நபிகள் நாயகம் மடாலயத்துக்குப் பாதுகாப்பு அளித்ததாகக் கருதப்படும் உடன்படிக்கைப் பத்திரத்தின் பிரதியையும் துறவிகள் போற்றிக் காத்துவருகிறார்கள். அதில் கையெழுத்துக்குப் பதிலாக உள்ளங்கைப் பதிவு இருக்கும். அப்பத்திரத்தின் மூலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தேவாலயத்தின் உட்கதவுகள் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இது கர்த்தரின் வாசல், நீதிமான்கள் இதன் வழியே நுழைவார்கள் என்ற 118ஆம் சங்கீதத்தின் வரி அவற்றின் மேலே கிரேக்கத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே பீடத்துக்கு மேலுள்ள அரைவட்டக் கூரையில், இயேசு மறுரூபமான காட்சியைச் சித்திரிக்கும் வண்ணக்கல் ஓவியம் இருக்கிறது. தொங்கும் விளக்குகளும் சித்திரத் தடுப்பும் மறைப்பதால் பார்வையாளர் நிற்குமிடத்திலிருந்து அது முழுதாகத் தெரியாது. பக்கவாட்டில் சற்று நகர்ந்து பார்த்தால் பெரும்பகுதி புலப்படும். அலெக்சாந்திரியாவில் வேதசாட்சியாக மரித்த கத்தரீனின் திருப்பண்டங்களும் இந்த ஆலயத்தில்தான் உள்ளன.

அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. இதைத் தவிர்த்துவிட்டு வருவது போன்ற நட்டம் வேறில்லை. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசு திருவுருவ ஓவியங்களை அழித்தபோது, சீனாய் இஸ்லாமிய ஆட்சிக்குள் இருந்தமையால் இங்கிருந்தவை தப்பின. அவ்வாறு தப்பியவற்றுள் தலையாயது, உருக்கிய மெழுகில் வண்ணம் குழைத்துத் தீட்டிய ஆறாம் நூற்றாண்டு கிறிஸ்து ஓவியம். ஒரு கையால் அந்த முகத்தின் பாதியை மறைத்துப் பாருங்கள்: ஒரு பாதி அமைதியும் கனிவும் கொண்டிருக்கும், மறு பாதியில் புருவம் உயர்ந்து, பார்வை கடுமையாக இருக்கும். ஏணியில் ஏறும் துறவிகளைக் கரிய பேய்கள் இழுத்துத் தள்ளும் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியமும் இம்மடாலயத்தின் பெருஞ்செல்வம். ஏழாம் நூற்றாண்டில் இங்கே தலைவராக இருந்த யோவான் கிளிமாக்கஸின் போதனையைத் தழுவியது அது.

நூலகம் பொதுப் பார்வைக்குத் திறக்கப்படுவதில்லை. சில சுவடிகளை அருங்காட்சியகத்தில் காணலாம். உலகின் மிகப் பழமையான பைபிள் கையெழுத்துப் படிகளுள் ஒன்றான சீனாய்ச் சுவடி இங்கிருந்துதான் போயிற்று. 1844இல் ஜெர்மானிய அறிஞர் திஷெண்டார்ஃப் 43 ஏடுகளைக் கொண்டு சென்றார். 1859இல் மேலும் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுத்து எடுத்துச் சென்றார். அது ரஷ்யாவுக்குப் போய், 1933இல் சோவியத் அரசால் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டு, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1975இல் மடாலயத்தின் ஓர் அடைபட்ட அறையைத் துப்புரவு செய்தபோது அதே சுவடியின் வேறு சில ஏடுகள் கிடைத்தன. அவை இங்கேயே உள்ளன.

தோட்டத்தில் எலும்பறை ஒன்று உண்டு. பாறை நிலத்தில் புதைக்க இடம் குறைவு என்பதால், சில ஆண்டுகள் கழித்துத் துறவிகளின் எலும்புகளைத் தோண்டியெடுத்து அங்கே அடுக்கிவைப்பது வழக்கம். மேலே சொன்ன ஸ்தேவானின் எலும்புக்கூடு துறவியுடை போர்த்தி அங்கே உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொரு நாள் இருந்தால்

எகிப்தின் மிக உயர்ந்த சிகரமான ஜெபல் கத்தரீனா தென்மேற்கே அருகிலேயே இருக்கிறது. 2,600 மீட்டரைத் தாண்டும் உயரம். கத்தரீனின் உடலை வானதூதர்கள் கொண்டுவந்து வைத்ததாக நம்பப்படும் இடம் அதன் உச்சி. அங்கேயும் ஒரு சிற்றாலயம் உண்டு. ஏற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைகள் இல்லை, கூட்டமும் இல்லை. வானம் தெளிந்த நாளில் ஒரு பக்கம் சூயஸ் வளைகுடாவும் மறுபக்கம் அகாபா வளைகுடாவும் தெரியும். ஜெபல் மூசா ஏறிய மறுநாளே இதற்குக் கிளம்பாமல், மடாலயத்துக்கென ஒதுக்கிய நாளை இடையில் ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வண்டியை முன்கூட்டியே பேசி, பகல் வெளிச்சம் இருக்கும்போதே சாலையைக் கடக்கும்படி நேரம் குறித்துக்கொள்வது நல்லது. இருட்டிய பிறகு இந்தச் சாலையில் விளக்கில்லாத வளைவுகளும், குறுக்கே வரும் ஒட்டகங்களும் அதிகம்.